எந்தக் கண்ணோ, அந்தக் கை

கிள்ளான் பள்ளத்தாக்கில் வில் பிடிக்க ஆசைப்பட்டு முதல் நாள் போகிறவரிடம் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "எந்தக் கையால எழுதுவீங்க?" வலக்கை என்று சொன்னதும் வலக்கை வில் வந்துவிடும். சில இடங்களில் அந்தக் கேள்வியும் கிடையாது. வாடகைக்கு மாட்டிவைத்திருக்கும் வில்களில் பெரும்பாலானவை வலக்கைக்காரர்களுக்கானவை; கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அவர்கள் கேட்க வேண்டியது உங்கள் கண்ணைப் பற்றி. இரு கண்ணும் திறந்திருக்கும்போது நம் மூளை இரண்டையும் சமமாக நம்புவதில்லை. குறி பார்க்கும்போது ஒரு கண் சொல்லும் திசையையே எடுத்துக்கொள்கிறது. அதைத்தான் ஆளும் கண் என்கிறோம். அந்தக் கண் எது என்று தெரிந்துகொண்ட பிறகே வில்லைத் தொட வேண்டும். முதல் அம்புக்கு முன்னால் இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஓராண்டு பழகிய பிறகு கண்டுபிடித்தால், பழகியதில் பாதியை மறக்க வேண்டியிருக்கும்.

மேற்கொண்டு போவதற்கு முன் ஒரு தெளிவு. வலக்கை வில் என்றால் நாணை வலக்கையால் இழுக்கும் வில். அதைப் பிடித்திருப்பது இடக்கை. கோதண்டராமர் சிலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: இடக்கையில் வில், வலக்கையில் அம்பு. இணையத்தில் வாங்குகிறவர்கள் பலர் பிடிக்கும் கையை மனதில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க வில்லை வரவழைத்துவிடுகிறார்கள்.

கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்

நாணை இழுத்து முகவாயில் நிறுத்தும்போது அம்பின் வால்முனை, இழுத்த கைப்பக்கத்துக் கண்ணுக்கு ஏறத்தாழ நேர் கீழே வந்து நிற்கிறது. வலக்கையால் இழுத்தால் வலக்கண்ணுக்குக் கீழே. அந்தக் கண்ணால் பார்க்கும்போது கண், அம்பு, வில்லில் உள்ள குறிமுள், இலக்கின் மஞ்சள் நடு எல்லாம் ஒரே செங்குத்துத் தளத்தில் அமைகின்றன. மேலே கீழே மட்டும் சரிசெய்தால் போதும்.

இப்போது அதே ஆளுக்கு இடக்கண் ஆளும் கண் என்று வைத்துக்கொள்வோம். அவர் குறிமுள்ளை இடக்கண்ணுக்கும் இலக்குக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார். அம்பின் வாலோ வலக்கண்ணுக்குக் கீழேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு இரு கண்மணிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கண்ணிலிருந்து குறிமுள் சுமார் 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். இந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மீட்டரில் அம்பு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் இடப்பக்கம் போய்விடுகிறது. 18 மீட்டரில் அது 1.3 மீட்டரைத் தொடுகிறது. உள்ளரங்கப் போட்டியில் 18 மீட்டருக்கு வைக்கும் இலக்குத் தாளின் விட்டம் 40 சென்டிமீட்டர்தான். பக்கத்து ஆளின் தாளில் போய்க் குத்தும்.

எல்லா அம்பும் ஒரே அளவில் விலகினால்கூடப் பரவாயில்லை, பிழை எங்கே என்று தெரிந்துவிடும். துன்பம் என்னவென்றால், மூளை சில அம்புகளுக்கு வலக்கண்ணையும் சில அம்புகளுக்கு இடக்கண்ணையும் எடுத்துக்கொள்ளும். இலக்கில் ஒரு கொத்து, வெகு இடப்பக்கத்தில் இன்னொரு கொத்து என்று இரண்டு குவியல் விழுந்தால், பிடியைத் திருத்துவதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். இன்னோர் அடையாளம் தலை. நாணை இழுத்ததும் தலையை அளவுக்கு மீறித் திருப்பி, மூக்கையும் தாண்டி இடக்கண்ணை நாணுக்குக் கொண்டுவர முயலும் மாணவர்கள் உண்டு. நாண் கன்னத்தில் உரசும். தாடையில் கை நிற்கும் இடம் ஒவ்வோர் அம்புக்கும் மாறும். பயிற்சியாளர் "தலையை ஆட்டாதே" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போவார். அந்த மாணவர் செய்வது பிடிவாதமன்று. அவர் கண் தன் வேலையைச் செய்யத் தேடுகிறது.

இது அபூர்வமானதும் இல்லை. மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலக்கண்ணும், மீதிப் பேருக்கு இடக்கண்ணும் ஆளும் கண். இடக்கைக்காரர்களோ பத்தில் ஒருவர்தான். ஆகவே இடக்கண் ஆளும் வலக்கைக்காரர்கள் நிறையப் பேர் இருந்தே தீர வேண்டும். ஒரு தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாக வில்வித்தை தொடங்கி முப்பது பிள்ளைகள் வந்து நின்றால், அவர்களில் ஏழெட்டுப் பேராவது இப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்த்தே வில்களைத் திட்டமிட வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. இடக்கையால் கொடுக்காதே, இடக்கையால் வாங்காதே, திருநீற்றை வலக்கையால் எடு என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். பாட்டிமார் இடக்கையில் பென்சில் பிடித்த பேரனின் கையை மாற்றிவிட்டிருப்பார்கள். அந்தப் பேரன் இன்று நாற்பது வயதில் வலக்கையால் எழுதுவார், வலக்கையால் உண்பார். ஆணி அடிக்கச் சொன்னால் சுத்தியல் தானாக இடக்கைக்குப் போகும். எழுதும் கையைக் கேட்டால் அவரிடமிருந்து வருவது வளர்ப்பின் பதில். சச்சின் டெண்டுல்கர் இடக்கையால் எழுதி வலக்கையால் மட்டை பிடித்தவர். கை விஷயம் இவ்வளவு குழப்பமானது. மட்டையோ பேனாவோ பிடிக்கும் கை மரியாதைக்கும் பழக்கத்துக்கும் கட்டுப்படலாம். நாண் இழுக்கும் கைக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். இடக்கையால் நாண் இழுப்பதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேசாமல் விட்டால் பிள்ளை வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்து நிற்கும்.

சோதிப்பது எப்படி

ஒரு கண் மற்றதை ஆளுகிறது என்பதை இத்தாலிய அறிஞர் ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 1593இல், ஒளிவிலகல் பற்றிய தம் நூலிலேயே எழுதிவிட்டார். அவர் பெயரால் வழங்கும் சோதனை எளியது: கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூரத்துப் பொருளோடு பொருத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பது. எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது விரல் இடம் பெயராமல் நிற்கிறதோ அது ஆளும் கண். ஆனால் வலக்கை விரலை நீட்டினால் வலக்கண் பக்கம் சாயும் வாய்ப்பு உண்டு. அதனால் நான் பரிந்துரைப்பது துளைச் சோதனை. அமெரிக்க உளவியலாளர் வால்ட்டர் மைல்ஸ் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூம்பு ஒன்றின் வழியாகப் பார்க்கவைத்துச் செய்த சோதனை அது. இன்று கைகளே போதும்.

இரு கைகளையும் முன்னால் முழுதாக நீட்டி, உள்ளங்கைகளை வெளியே காட்டி, கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சின்ன முக்கோணத் துளை ஒன்றை உண்டாக்குங்கள். ஐந்தாறு மீட்டர் தொலைவில் சுவர்க்கடிகாரம் போன்ற ஒன்றை இரு கண்ணும் திறந்தபடி அந்தத் துளையில் பாருங்கள். பார்வையை எடுக்காமல் கைகளை மெல்ல முகத்துக்குக் கொண்டுவாருங்கள். துளை எந்தக் கண்ணில் வந்து முடிகிறதோ அதுவே ஆளும் கண்.

சிறு பிள்ளைகளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாது; கேட்டால் இரண்டையும் இறுக்கிக்கொள்ளும். அவர்களுக்கு ஒரு ஏ4 தாளின் நடுவே 20 சென் காசு அளவுக்குத் துளை போட்டுக் கொடுங்கள். நீங்கள் எதிரே போய் நின்று, "தாளை நல்லா நீட்டிப் பிடி, ஓட்டை வழியா என் மூக்கைப் பாரு" என்று சொல்லுங்கள். துளையில் உங்களுக்குத் தெரியும் கண்தான் விடை. எதற்காகச் செய்கிறோம் என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டால் "வலக்கண் வரணும் போல" என்று நினைத்துத் தாளை நகர்த்தும். பெரியவர்களும் அப்படித்தான்.

ஒரு தடவை செய்து முடிவுக்கு வராதீர்கள். பல முறை செய்யுங்கள், வேறொரு நாளும் செய்யுங்கள். கண்ணாடி அணிகிறவர் அதை அணிந்துகொண்டே செய்ய வேண்டும். இன்னொன்றைப் பல பயிற்சியாளர்களும் விட்டுவிடுகிறார்கள்: பார்வை பக்கவாட்டில் நன்றாகச் சாயும்போது ஆளும் கண் சிலருக்கு மாறிவிடுகிறது. வில்லாளி இலக்கை நேர்முகமாகப் பார்ப்பதில்லை. உடலைக் குறுக்கே நிறுத்தித் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். ஆகவே நேராக நின்று சோதித்த பிறகு, எய்யும் நிலையில் இடத்தோள் இலக்கை நோக்க ஒரு முறை, வலத்தோள் நோக்க ஒரு முறை நின்று அதே சோதனையைச் செய்யுங்கள். மூன்று நிலையிலும் ஒரே கண் வந்தால் ஐயமே இல்லை.

முடிவெடுப்பது

கண்ணும் கையும் ஒரே பக்கம் என்றால் நீங்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

வேறு வேறு பக்கம், இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் என் பதில் உறுதியானது: கண்ணைப் பின்பற்றுங்கள். இடக்கண் ஆண்டால் இடக்கையால் நாண் இழுங்கள். வில்வித்தையில் எழுத்து போலவோ தையல் போலவோ விரல் நுணுக்கம் தேவைப்படுவதில்லை. ஒரு கை வில்லைத் தள்ளி நிற்கிறது, மற்றது முதுகுத் தசையால் நாணை இழுத்து விடுகிறது. இரண்டுக்கும் வேலை உண்டு. தொடக்கத்தில் இரண்டும் ஒரே அளவு தடுமாறும். முதல் சில வாரங்களில் அந்நியமாக இருக்கும், பிறகு பழகிவிடும். கண்ணின் பழக்கமோ இவ்வளவு எளிதில் மாறாது.

பல ஆண்டுகள் வலக்கையால் எய்து பழகியவருக்கு இதே அறிவுரையை நான் சொல்ல மாட்டேன். தோளும் முதுகும் ஒரு பக்கத்துக்கு வளர்ந்துவிட்டவை. அவர் ஆளும் கண்ணை மறைத்துக்கொண்டு எய்யலாம். ஒரு கண்ணை இறுக்கி மூடுவது நல்ல வழி ஆகாது. முகத்தசை இறுகும், திறந்த கண்ணும் சேர்ந்து களைக்கும். கண்ணாடியின் அந்தப் பக்கத்தில் ஒளி புகும் மங்கல் டேப் ஒட்டிக்கொள்வது மேல். போட்டிக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது: உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி குறி பார்க்காத கண்ணின் கண்ணாடி முழுவதும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கண்மறைப்பு அணியலாம். குறிபார்க்க உதவும்படி பாதி மறைப்பதோ கோடு போடுவதோ செல்லாது.

தோளில் பழைய காயம் உள்ளவர்கள், ஒரு கை வலுவற்றவர்கள் கண்ணைப் பின்பற்ற வேண்டும் என்பதற்கு விலக்கு. உடல் எந்தப் பக்கத்தை அனுமதிக்கிறதோ அதுவே சரி. கண்ணை டேப்பால் சமாளிக்கலாம். கைகளே இல்லாமல் பிறந்து, காலால் வில்லைப் பிடித்து எய்யும் ஷீத்தல் தேவி, ராக்கேஷ் குமாருடன் சேர்ந்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். உடலுக்கு ஏற்றபடி முறையை அமைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

சோதனையில் ஒரு நேரம் வலம், ஒரு நேரம் இடம் என்று மாறி மாறி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கை வசதிப்படி தேர்ந்தெடுத்துக்கொண்டு, முதல் மாதங்களில் மறுகண்ணை மறைத்துப் பழகலாம். "அர்ஜுனன் சவ்வியசாசி ஆயிற்றே, நான் இரு கையாலும் பழகக் கூடாதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழகலாம், ஒரு கை நிலைப்பட்ட பிறகு.

காம்பவுண்ட் வில்லில் நாணிலேயே பார்வைத் துளை இருக்கிறது. இழுத்த கைப்பக்கக் கண் அதன் வழியாகப் பார்ப்பதால் எதிர்க்கண் ஆளுகிறவர்களும் ஓரளவு சமாளிக்கிறார்கள். ஒலிம்பிக்கில் எய்யும் ரீகர்வ் வில்லில் அந்தத் துளைக்கு அனுமதி இல்லை. அங்கே கண்ணின் ஆட்சி முழுதாக வெளிப்படும்.

ஆளும் கண் என்பதைக் கூர்மையான கண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கொரியாவின் இம் டோங்-ஹியுன் மிகக் குறைந்த பார்வை உடையவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளில், 720க்கு 699 புள்ளி எடுத்து உலகச் சாதனை வைத்தார். இலக்கு மங்கலாகத் தெரிந்தாலும் எந்தத் திசையில் தெரிகிறது என்பது நிலையாக இருந்தால் எய்ய முடியும். இருந்தாலும் ஒரு கண்ணுக்கும் மறுகண்ணுக்கும் பார்வையில் பெரிய வேறுபாடு தெரிந்தால், அதைக் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது. முக்கியமாகச் சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைகளுக்கு, மருத்துவரைக் கேட்காமல் வில்லுக்காக எந்தக் கண்ணையும் மறைக்காதீர்கள்.

பார்வையே இல்லாதவர்களும் எய்கிறார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அது இயங்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களில் யாருக்கேனும் வில்லில் ஆசை இருந்தால் வழி உண்டு: தாங்கியில் பொருத்திய தொடுகுறி ஒன்று வில் பிடித்த கையின் புறத்தைத் தொடும், பாதங்களை வைக்கும் இடத்துக்குத் தரையில் தடை இருக்கும். அவர்களுக்குக் கண் கேள்வி எழாது. எந்தத் தோள் வலுவோ அந்தப் பக்கம்.

வில் தேடுவது

பூப்பந்தில் இந்தத் தொல்லை இல்லை. இடக்கைக்காரரான லின் டான் பிடித்த மட்டையையே லீ சோங் வெய்யும் பிடிக்கலாம். வில் அப்படியில்லை. ரீகர்வ் வில்லின் நடுப்பகுதியான ரைசரில் அம்பு போகும் வழி ஒரு பக்கமாகக் குடைந்திருக்கும். அதனால் ரைசர், அம்பு தாங்கி, விரலுறை மூன்றும் கைக்கு ஏற்றபடி வேண்டும். மேலும் கீழும் மாட்டும் லிம்ப்கள் இரு கைக்கும் ஒன்றே. நாண், முழங்கைக் காப்பு, அம்பு ஆகியவையும் அப்படியே. ஆக, வலக்கை வில் ஏற்கெனவே வைத்திருந்து மாறுகிறவர் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

வாடகை இடத்துக்குப் போகும்போது முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். "அடா புசூர் கிடால்?" என்ற மூன்று மலாய்ச் சொல் போதும்; இடக்கை வில் இருக்கிறதா என்று பொருள். இல்லை என்றால் வலக்கை வில்லையே எடுத்துத் தலைகீழாகப் பிடித்து எய்யச் சொல்லும் ஆட்களும் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள், அம்பு தாங்கியும் தலைகீழாகிவிடும், அம்பு அதில் சரியாக அமராது. அதற்குப் பதில் பாரம்பரிய வில் இருக்கிறதா என்று கேளுங்கள். மலேசியாவில் பாரம்பரிய வில்வித்தைக்கு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். ஆசிய மரபு வில்களில் பலவற்றுக்கு அம்பு வைக்கும் குடைவே கிடையாது; அம்பு கையின் மேல் அமர்கிறது. அந்த வில்லை யாரும் எந்தக் கையாலும் எய்யலாம்.

கை மாறுகிறவர் இலேசான வில்லிலிருந்து தொடங்க வேண்டும். வலக்கையால் 28 பவுண்டு இழுத்தவர் இடக்கையால் 18 அல்லது 20 பவுண்டுக்கு இறங்கத் தயங்கக் கூடாது. வீட்டில் ரப்பர் பட்டையை இழுத்துப் பழகுங்கள். நாணை இழுத்து அம்பில்லாமல் மட்டும் விடாதீர்கள், லிம்ப் உடையும். தாடையில் கை நிற்கும் இடம் புதிய பக்கத்தில் பிடிபடும் வரை, ஐந்து மீட்டரில் இலக்குத் தாளே இல்லாத வெற்று மெத்தையில் எய்வது நல்லது. புள்ளி எண்ணத் தொடங்கிவிட்டால் பழைய கைக்கு ஓடிப்போக மனம் வரும்.

எய்யும் கோட்டில் வலக்கைக்காரர்கள் எல்லோரும் வலப்பக்கம் பார்த்து நிற்பார்கள், நீங்கள் மட்டும் இடப்பக்கம் பார்த்து நிற்பீர்கள். நடுவில் நின்றால் ஒருவர் முகத்துக்கு நேர் முகமாக இருக்க வேண்டிவரும், இருவருக்குமே கூச்சம். கோட்டின் இடக்கோடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ளும் நேரத்திலோ இந்த எதிர்த்திசை உங்களுக்கு வசதி. கோட்டை விட்டு வெளியே வந்து, அம்பில்லாமல், வலக்கைப் பயிற்சியாளரை எதிரே நிற்கச் சொல்லுங்கள். அவர் தோளை இறக்கினால் நீங்களும் அதே பக்கத் தோளை இறக்குங்கள். அவர் முழங்கை போகும் திசைக்கே உங்கள் முழங்கையையும் கொண்டுபோங்கள். வலக்கை மாணவர் ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அப்படியே செய்தால் போதும்.